அறிக்கை எழுதுகிறவர் என்ன படித்திருக்க வேண்டும்?

ஒரு குழந்தை எங்கே வளரப்போகிறது என்பதைப் பல நேரங்களில் நான்கு பக்க அறிக்கை ஒன்று முடிவு செய்துவிடுகிறது. சமூக விசாரணை அறிக்கை என்று அதற்குப் பெயர். பேருந்து நிலையத்தில் தனியாகக் கிடைத்த குழந்தை, பட்டறையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தை, அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவந்த குழந்தை என யாராக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். அதன்பிறகு 15 நாளுக்குள் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தில் பேசி, பள்ளிக்கூடத்தில் விசாரித்து எழுதித் தர வேண்டும். குழுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். பெரும்பாலும் அவர்கள் அந்த வீட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை. எழுதுகிறவர் எதைப் பார்த்தாரோ அதுதான் அவர்களுக்குத் தெரியும்.

குழந்தைகள் இல்லம், குடும்ப ஆலோசனை மையம், பேரிடர் முகாம் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேல் இந்தத் துறையில் இருந்திருக்கிறேன். பிற்பாதியில் சமூகப்பணி மாணவர்களுக்குக் களப்பணி மேற்பார்வையாளராகவும் இருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவருக்குச் சட்டமும் நேர்காணல் நுட்பமும் கைவர வேண்டும், அது தொழிற்பயிற்சி. கூடவே வரலாறு, இலக்கியம், பொருளாதாரம், சமூகவியல் என்று மனிதர்களைப் பற்றிய பரந்த படிப்பும் வேண்டும். இரண்டையும் கல்லூரிகள் தனித்தனித் தாள்களாகக் கொடுத்துவிடுகின்றன. ஒரே குடும்பத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்தப் பழக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

எண்பதுகளில் மதுரையில் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். குடும்ப நலம், குழந்தைகள் நலம் எனக்குச் சிறப்புப் பாடம். வகுப்பில் விலங்கியல் படித்தவர், பி.காம். முடித்தவர், தமிழ் இலக்கியம், கணக்கு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். இன்றைக்கும் எந்தப் பட்டம் பெற்றவரும் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கலாம். அதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது இந்தப் படிப்பின் பெரிய பலமாகவே படுகிறது.

இந்தத் துறை வந்த வழியும் அப்படிப்பட்டதுதான். குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் முதலில் வந்தது சென்னை மாகாணத்தில், 1920-ல். 1930-ல் ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி ஒரு மருத்துவர். இந்த வேலைக்கென்று தனிப் பட்டம் வாங்கியவர்கள் அப்போது இங்கே இல்லை. 1936-ல் பம்பாயில் நாட்டின் முதல் சமூகப்பணிக் கல்விக்கூடம் வந்தது. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுதான். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் உருவானது. நல்ல மனம் படைத்தவர்கள் செய்துவந்த சேவை அப்படித்தான் முறையாகக் கற்றுச் செய்யும் தொழிலாக மாறியது. அந்த மாற்றம் அவசியமானது.

எங்களுக்கு வாரத்தில் 2 நாள் களப்பணி, மீதி நாள் வகுப்பு. களப்பணி முடிந்ததும் அன்றைக்கு யாரிடம் என்ன பேசினோம், அவர்கள் என்ன சொன்னார்கள், நமக்கு என்ன தோன்றியது என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். மேற்பார்வையாளர் அம்மையார் அதைச் சிவப்பு மையில் திருத்தித் தருவார். அவர் தத்துவம் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர். சக மாணவி ஒருத்தி தான் பார்த்த வீட்டைப் பற்றி, வெளிச்சமில்லை, காற்றோட்டமில்லை, சுகாதாரமில்லை என்று அரைப்பக்கம் எழுதியிருந்தாள். அம்மையார் படித்துவிட்டு, “வீட்டைப் பத்தி நல்லா எழுதியிருக்க. அந்த வீட்டுக்கு வாடகை யாரு வாங்குறா? தண்ணி எத்தனை மணிக்கு வருது? அந்தப் பொம்பளை எத்தனை மணிக்கு எழுந்திரிக்கிறா? இதெல்லாம் கேட்டியாம்மா?” என்றார். அடுத்த வாரம் அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். குழாயில் தண்ணீர் வருவது விடியற்காலை 4 மணிக்கு. வரிசையில் நின்று பிடித்துவைத்துவிட்டு அந்தத் தாய் பூ மார்க்கெட்டுக்குப் போனால் திரும்ப மதியமாகிவிடும். அதுவரை தம்பிகளைப் பார்த்துக்கொள்வதற்காகவே அந்த வீட்டின் மூத்த பெண் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தாள். ‘பெற்றோரின் அலட்சியம்’ என்று எழுதவேண்டிய கேஸ், ‘பகல்நேரக் காப்பகம் தேவை’ என்று மாறியது.

வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குக் களப்பணிக்குப் போன மாணவர்களிடம் அம்மையார் பூமணியின் ‘வெக்கை’யைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். 1982-ல் வந்த நாவல். அண்ணனைக் கொல்ல வைத்தவரைக் கொன்றுவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் ஒரு பையனின் கதை. சட்டப்படி அவன் குற்றம் இழைத்த சிறுவன். நாவலை வாசித்தவர்களுக்கு அவன் வீடு, நிலம், அந்த நிலத்தின் மீதான தகராறு, அப்பன் பேசும் பேச்சு எல்லாம் தெரியும். அதன்பிறகு அவர்கள் கூர்நோக்கு இல்லத்துப் பையன்களிடம் கேட்ட கேள்விகள் மாறின. “ஏன் செஞ்ச?” என்று கேட்டவர்கள், “அதுக்கு முந்தின நாளு எங்க இருந்த? யாரு கூட இருந்த? என்ன சாப்பிட்ட?” என்று கேட்கத் தொடங்கினார்கள். பையன்களும் பேசத் தொடங்கினார்கள். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பார்க்கப் போனவர்களுக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘கூட்டுக்குஞ்சுகள்’ கொடுத்தார். பாடப்புத்தகம் அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிப் பேசிய அந்தக் காலத்தில், எங்கள் ஊர்க் குடும்பங்களை நாங்கள் நாவல்களில்தான் படித்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பெண் சிசுக்கொலை பற்றிய செய்திகள் நாடெங்கும் பேசப்பட்ட நேரம். 1992-ல் அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டைப் பார்த்து, ஏற்கெனவே பெண் குழந்தை உள்ள வீடுகளில் மறுபடி கருவுற்றிருக்கும் பெண்களைத் தேடிப் போவோம். பயிற்சியில் கற்றபடி அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசுவோம், நம்பிக்கையூட்டுவோம். அவள் கேட்டுக்கொண்டு தலையாட்டுவாள். ஆனால் முடிவு அவள் கையில் இல்லை. அது மாமியாரிடமும் வீட்டு ஆண்களிடமும் இருந்தது.

அங்கேதான் நான் படித்த வரலாறு கைகொடுத்தது. ஒரு தலைமுறைக்கு முன்புவரை அந்தப் பகுதியில் பல சமூகங்களில் மாப்பிள்ளை வீட்டார்தான் பரிசம் போட்டுப் பெண் எடுப்பார்கள். நகை, ரொக்கம் என்று பெண் வீட்டார் கொடுக்கும் வழக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பாசனம் வந்து, பணப்பயிர் வந்து, சிலர் கையில் காசு சேர்ந்து, படித்து வேலைக்குப் போகும் மாப்பிள்ளைக்கு விலை ஏறியது. காலங்காலமாக இப்படித்தான் என்று அந்த வீடுகளில் யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. வயதான பெண்களிடம் அவர்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்பேன். ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டே, “எங்கப்பன் ஒரு பைசா குடுக்கல தாயி. அவுக வீட்டு ஆளுதான் பரிசம் கொண்டாந்து வச்சுட்டு, பொண்ணு குடுங்கன்னு நின்னாக” என்றார். பக்கத்தில் இருந்த மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் அதைக் கேட்டதே இல்லை. அந்தத் திண்ணைப் பேச்சுதான் பிறகு அந்தத் தெருவின் பெண்கள் குழுவுக்கு முதல் கூட்டமானது. எல்லா வீட்டிலும் பலித்தது என்று சொல்லமாட்டேன். அந்த வீட்டில் பலித்தது. வழக்கம் என்பது மனிதர்கள் மாற்றியது, மறுபடி மாற்றக்கூடியது என்று மாமியாரே மருமகள் முன் சொல்லும்போது ஏற்படும் விளைவை எந்த ஆலோசனை நுட்பமும் தந்துவிடாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் இருந்தேன். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த நிம்ஹான்ஸ் மனநல நிறுவனக் குழுவினர் உள்ளூர்ப் பணியாளர்களுக்கு உளவியல் ஆதரவுப் பயிற்சி கொடுத்தார்கள். அது மிகவும் உதவியது. தூக்கம் வராத குழந்தையை, பேசாமல் போய்விட்ட தாயை எப்படி அணுகுவது என்று அந்தப் பயிற்சி இல்லாமல் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அதே முகாம்களுக்கு எங்கெங்கிருந்தோ குழுக்கள் காகிதமும் கிரேயானும் கொண்டுவந்தன. ஒவ்வொரு குழுவும் குழந்தைகளை அலை வரையச் சொன்னது. காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்று சில குழந்தைகள் அதே அலையை வரைந்தபடி இருந்தார்கள்.

பெரியவர்கள் எங்களிடம் வாய் திறக்கவில்லை. உறவுகளின் உடல்களைப் பார்க்கக்கூட முடியாமல் மொத்தமாகப் புதைக்கவேண்டியிருந்த குடும்பங்கள் அவை. செய்யவேண்டிய சடங்கு எதுவும் செய்யப்படவில்லை. எங்கள் குழுவில் நாட்டார் வழக்காற்றியல் படித்த தம்பி ஒருவர் இருந்தார். “அக்கா, இவங்ககிட்ட மனசுல இருக்கறதைச் சொல்லுங்கன்னு கேட்டா எப்படிச் சொல்லுவாங்க? ஒப்பாரி வைக்க இடம் குடுங்க” என்றார். மீனவக் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்தார் சொல் முக்கியம் என்பதும் அவருக்குத் தெரியும். அவர்களைப் பார்த்துப் பேசினார். பதினாறாம் நாள் ஊர் கூடியது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதற்கடுத்த நாள்களில்தான் பேச்சு வந்தது. மகளையும் மருமகனையும் பறிகொடுத்த ஒரு கிழவி, பேரப்பிள்ளைகளுக்கு யார் யார் சித்தி, யார் யார் அத்தை, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள், யாருக்குப் பிள்ளைகள் மேல் உண்மையான பாசம், யார் நிவாரணப் பணத்துக்காக வருவார்கள் என்று ஒரு மணி நேரம் சொன்னார். நான் குறிப்பெடுத்தேன். அந்தக் குறிப்பை வைத்துத்தான் பிள்ளைகளை இல்லத்துக்கு அனுப்பாமல் சித்தி வீட்டில் சேர்க்க முடிந்தது. முறைப்படி உறவு வரைபடம் போடவும் மாதாமாதம் போய்ப் பார்க்கவும் கண்காணிப்புக் குறிப்பு எழுதவும் பயிற்சி கற்றுத்தந்திருந்தது. கிழவியைப் பேச வைத்தது அந்தத் தம்பியின் படிப்பு.

படிப்பு மட்டும் இருந்தால் போதும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இதையும் சொல்லவேண்டும். 2012-ல் போக்சோ சட்டம் வந்தபிறகு பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகள் நிறையப் பேர் வெளியே வந்து பேசுகிறார்கள். அப்படி ஒரு சிறுமியிடம் நல்ல வாசிப்பும் இரக்கமும் உள்ள ஒரு தன்னார்வலர் முதலில் பேசியிருந்தார். பயிற்சி இல்லாதவர். “அவர்தானே செஞ்சாரு? பயப்படாம சொல்லு” என்று பெயரை அவரே எடுத்துக்கொடுத்திருக்கிறார். பிறகு பக்கத்து வீட்டார் கேட்டார்கள், பள்ளியில் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் குழந்தை கொஞ்சம் மாற்றிச் சொன்னாள். குழந்தைகள் அப்படித்தான் சொல்வார்கள். கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அது வசதியாகிவிட்டது.

இங்கே பயிற்சி உயிர்காக்கும். அமைதியான அறை வேண்டும். குழந்தைக்கு நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். “அப்புறம் என்ன நடந்துச்சு?” என்பதுபோல் திறந்த கேள்விகளாகக் கேட்க வேண்டும். பெயரையோ இடத்தையோ நாம் எடுத்துக்கொடுக்கக் கூடாது. குழந்தை சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். நாகரிகமாக மாற்றக் கூடாது. திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் காவல் அதிகாரி பதிய வேண்டும், அவர் சீருடையில் இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இதையெல்லாம் அன்பு கற்றுத்தராது, நாவலும் கற்றுத்தராது. ஒத்திகை பார்த்து, மேற்பார்வையாளர் முன் செய்து காட்டி, திருத்தம் வாங்கி, மறுபடி செய்துதான் கைவரும்.

அண்மையில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பி.காம். முடித்துவிட்டு வந்த மாணவி ஒருவர் ஒரு குழந்தைகள் இல்லத்தில் களப்பணி செய்துகொண்டிருந்தார். எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி அறிக்கை எழுதி வந்தார். “தாய் நான்கு மாதங்களாகக் குழந்தையை வந்து பார்க்கவில்லை. குழந்தையின் மீது அக்கறை இல்லை. தொடர்ந்து இல்லத்திலேயே தங்கவைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.” இல்லத்துப் பார்வையாளர் பதிவேட்டின்படி எழுதியது, ஒரு வரியும் பொய் இல்லை.

“எந்த நாலு மாசம்?” என்று கேட்டேன்.

“தையில இருந்து சித்திரை வரைக்கும் மேடம்.”

“அம்மா எங்க இருக்காங்க?”

“திருவள்ளூர் பக்கம், சூளை வேலைக்குப் போயிருக்காங்களாம்.”

செங்கல் சூளை வேலை பெரும்பாலும் பொங்கலை ஒட்டித் தொடங்கி மழைக்காலம் வரும்வரை நடக்கும். குடும்பமாகப் போவார்கள். போகும்போதே முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. வாரச் செலவுக்குக் கொஞ்சம் கையில் கொடுத்துவிட்டு மீதியைக் கடனில் கழிப்பார்கள். கடன் தீராமல் பல இடங்களில் வெளியே விடமாட்டார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. சட்டம் வந்த நாட்டில்தான் இதுவும் நடக்கிறது.

மாணவியைச் சூளைக்கு அனுப்பினோம். கூட ஒரு மூத்த பணியாளரும் போனார். தாயிடம் மாணவி கேட்டது அக்கறையைப் பற்றி இல்லை, கணக்கைப் பற்றி. எவ்வளவு முன்பணம் வாங்கினீர்கள், நாளைக்கு எத்தனை கல் அறுக்கிறீர்கள், மழை பெய்து கல் கரைந்தால் யார் தலையில், வாரத்துக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு நோட்டில் பற்றும் வரவும் எழுதினார். அவர் படித்த படிப்பு அதற்குத்தானே! கணக்கு முடிந்தபோது, அந்தத் தாய் நான்கு மாதமும் உழைத்த பிறகும் கடன் பெரிதாகக் குறையவில்லை என்பது பக்கத்தில் தெளிவாக நின்றது. பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் போனால் அந்த வாரம் சாப்பாட்டுக்கு இடிக்கும். மகனுக்கென்று வாங்கிய சட்டையை மடித்து ஒரு துணிப்பையில் வைத்திருந்தார் என்பதையும் மாணவி எழுதியிருந்தார்.

அறிக்கை மறுபடி எழுதப்பட்டது. அடைமொழிகள் போய், தேதிகளும் தொகைகளும் தாய் சொன்ன வார்த்தைகளும் வந்தன. முன்பண விவகாரம் கோட்டாட்சியர் பார்வைக்குப் போனது. ஊரில் இருந்த பாட்டியிடம் பையனை அனுப்பலாம் என்று குழு உத்தரவிட்டது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு; அதற்கும் விண்ணப்பித்தோம். குழந்தைக்குக் குடும்பமே முதன்மை, இல்லம் கடைசி வழி என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அடிப்படைக் கோட்பாடாகச் சொல்கிறது. அந்தப் பிரிவை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள் நிறைய உண்டு. சூளைக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் அந்தப் பிரிவு ஒரு குழந்தைக்குப் பயன்படும்.

நான் வேலைக்கு வந்தபோது இருந்தது 1986-ன் இளைஞர் நீதிச் சட்டம். பிறகு 2000, அதற்குப் பிறகு 2015. ஒவ்வொரு மாற்றமும் குழந்தைக்குக் கூடுதல் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வந்தது. எங்கள் காலத்தில் கைக்கு வந்தபடி எழுதினோம். இப்போது ஒவ்வொன்றுக்கும் படிவம் இருக்கிறது. படிவம் நல்லதுதான், எதுவும் விட்டுப்போகாது. ஆனால் கட்டத்துக்குள் எழுதிப் பழகியவர்கள் கட்டத்துக்கு வெளியே இருப்பதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள். ‘குடும்பச் சூழல்: திருப்தியில்லை’ என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது. வேலை பார்ப்பவர்களில் பலர் ஒப்பந்தப் பணியில் இருக்கிறார்கள். ஒருவரிடம் குவியும் கேஸ்களுக்கு வீட்டுக்கு ஒருமுறை போய்வருவதே பெரிது. நன்றாகப் படிக்கும் மாணவர்கள் சம்பளத்தைப் பார்த்து மனிதவள மேலாண்மைப் பிரிவுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கல்லூரிகளிடம் நான் கேட்பது புதிதாக ஒரு தாளை இல்லை. களப்பணிக் கலந்தாய்வு வாரந்தோறும் நடக்கிறது. அதில் ஒரு கேஸை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி என்ன செய்யவேண்டும் என்று ஒருவர் சொல்லட்டும். அந்தக் குடும்பத்தின் வருமானமும் கடனும் எங்கிருந்து எங்கே போகிறது என்று பொருளாதாரம் படித்தவர் சொல்லட்டும். அந்த ஊர் எப்படி உருவானது, நிலம் யாரிடமிருந்து யாரிடம் போனது என்று வரலாறு படித்தவர் தேடி வரட்டும். தாய் பேசிய பேச்சை அப்படியே வாசித்து, எந்த இடத்தில் அவள் பேச்சை நிறுத்தினாள் என்று இலக்கியம் படித்தவர் காட்டட்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே அறிக்கையை எழுதட்டும். ஓர் ஆண்டு இப்படிச் செய்த மாணவர்களையும் செய்யாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். முன்னவர்கள் எழுதும் அறிக்கையில் குழந்தையின் முகம் தெரியும், செய்யவேண்டியதும் தெரியும்.

அரசிடம் கேட்பது இன்னும் எளிது. இப்படிப் படித்து வருகிறவர்களுக்கு நிரந்தர வேலை கொடுங்கள். ஒரு வீட்டுக்கு மூன்று முறை போய்வர நேரமும் பயணப்படியும் கொடுங்கள். இல்லத்தில் ஒரு குழந்தையை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்ப்பதைவிட அதற்கு ஆகும் செலவு குறைவு. குழந்தைக்குக் கிடைப்பதோ அதன் சொந்த வீடு.